கூம்புச் சுரப்பியும் நாட்சந்தமும்: மெலற்றோனின் ஆராய்ச்சியின் வரலாறு

முதுகெலும்புள்ள விலங்குகளின் மூளையில், இரு பாதிகளுக்கும் இடையே, பைன் மரத்தின் கூம்புக்காயை ஒத்த வடிவினதாய்ச் சிறு சுரப்பியொன்று அமைந்துள்ளது. மனிதனில் அஃது ஒரு கடலையின் அளவினது. ஆய்வுகூடத்து எலியிலோ அதன் நிறை ஏறக்குறைய ஒரு மில்லிகிராமே. கூம்புச் சுரப்பி எனப்படும் இவ்வுறுப்பு ஒன்றேயாதலும், அதன் பயன் வெளிப்படையாய்த் தோன்றாமையும் அறிஞரின் கற்பனையை நெடுங்காலம் தூண்டின. உடலின் ஏனைய ஓமோன்கள் பகலும் இரவும் ஒரே அளவிற் சுரப்பனவல்ல. அதிரீனற் சுரப்பியின் ஓமோன் ஒரு வேளையிற் பெருகி மற்றொரு வேளையிற் குன்றும். கபச் சுரப்பியின் ஓமோன்களும் அவ்வாறே ஏறி இறங்கும். இவ்வேற்ற இறக்கம் நாட்சந்தம் எனப்படும். இச்சந்தத்தை இசைப்பது கூம்புச் சுரப்பியா, அன்றி அதுவும் வேறொன்றின் தாளத்துக்கு ஆடும் உறுப்பா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விலங்குகளைக் கொண்டு ஆராயப்பட்டது. அவ்வாராய்ச்சியின் வரலாறு நேரிய பாதையிற் சென்றதன்று.

கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் இவ்வுறுப்பை விவரித்து, அதனைச் சுற்றியுள்ள குருதிக் கலன்களைத் தாங்கும் சுரப்பியே அதுவென முடிவு செய்தார். உயிர்ப்பாய்வை அடக்கியாளும் வாயில் அஃது என அந்நாளிற் சிலர் கொண்ட கருத்தை அவர் மறுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அவர் மறுத்த கருத்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளின் பின் வேறு வடிவில் மீண்டது. பிரான்சிய மெய்யியலாளர் தேக்காட்டு, மூளையின் உறுப்புக்களெல்லாம் இரட்டையாய் அமைய இஃது ஒன்றே தனித்திருத்தலை நோக்கி, ஆன்மா தொழிற்படும் பீடம் இதுவே என 1649இல் வெளிவந்த நூலில் எழுதினார். இரண்டு கண்கள் கண்ட காட்சி ஒன்றாய் உணரப்படுதலால் அவற்றை ஒன்றாக்கும் இடம் ஒன்று வேண்டும் என்பது அவர் வாதம். வாதம் அழகியது, ஆயின் சுரப்பி மூளையறையுள் அசைந்தாடுவது என அவர் கொண்டமை பிழை. தேனிய உடற்கூற்றறிஞர் ஸ்தென்சன் 1665இற் பாரிசு நகரில் நிகழ்த்தி 1669இல் அச்சிட்ட விரிவுரையில், சுரப்பி அசையமாட்டாது என்பதைக் கத்தி கொண்டு அறுத்துக் கண்ட சான்றால் நிறுவினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் சுரப்பியின் பழைமை வெளிப்பட்டது. நியூசிலாந்தில் வாழும் துவத்தாரா என்னும் ஊர்வனவற்றின் உச்சித் தோலின் கீழ் விழிவில்லையும் விழித்திரையும் உடைய மூன்றாங் கண் ஒன்று உண்டு என்பதை போல்ட்வின் ஸ்பென்சர் 1886இல் விவரித்தார். கூம்புச் சுரப்பிக்கும் இக்கண்ணுக்கும் கருவளர்ச்சியில் நெருங்கிய உறவு உண்டு. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிரமஞான சபையின் பிளவற்ஸ்கி அம்மையார் இச்செய்தியைத் தமது நூலொன்றில் எடுத்தாண்டு ஞானக்கண்ணின் எச்சமே இச்சுரப்பி என எழுதியதால், நெற்றிக்கண்ணோடு அதனை இணைத்துப் பேசும் வழக்கம் பலவிடத்தும் பரவிற்று. அவ்விணைப்பு பேசுவோர்க்கு இனிதாயிற்றேயன்றி ஆய்வை ஓரடியும் முன்னே நகர்த்தவில்லை. நகர்த்தியது ஒரு நோயாளிச் சிறுவனின் வரலாறு. கூம்புச் சுரப்பியிற் கட்டி தோன்றிய சிறுவன் ஒருவன் அகாலத்திற் பருவமெய்தியதை ஜெர்மன் மருத்துவர் ஹொய்ப்னர் 1898இல் அறிவித்தார். சுரப்பிக்கும் இனப்பெருக்க உறுப்புக்களுக்கும் தொடர்பு உண்டு என்னும் ஐயம் அன்று பிறந்தது.

1917ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய மக்கோட், அலன் என்னும் இருவர் மாட்டின் கூம்புச் சுரப்பியின் சாரத்தை வாற்பேய்களுக்கு ஊட்டினர். அரை மணி நேரத்துள் அவற்றின் கருந்தோல் வெளிறிக் கண்ணாடிபோலாயிற்று. தோற்கலங்களிற் பரந்து கிடந்த கருமணிகள் கலத்தின் நடுவே ஒடுங்கியமையே இதற்குக் காரணம். இத்துணைத் தெளிவான விளைவைக் கண்டும் நாற்பது ஆண்டுகளாக அச்சாரத்துள் இருக்கும் பொருள் யாதெனத் தேடித் தெளிந்தார் எவருமிலர். வாற்பேயின் நிறமாற்றத்தால் மருத்துவத்துக்கு ஆவது என்ன என எண்ணினர் போலும்.

யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவரான ஆரன் லேணர் அவ்வாறு எண்ணவில்லை. தோலில் வெண்புள்ளி படரும் நோய்க்கு மருந்து காணும் நோக்குடைய அவர், பழைய கட்டுரையை எடுத்து, இறைச்சித் தொழிற்சாலைகளிலிருந்து மாட்டின் கூம்புச் சுரப்பிகளை இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் வருவித்துத் துணைவரோடு பிரித்தெடுக்கத் தொடங்கினார். ஆண்டுகள் பல கழிந்தன. கிடைத்ததோ மைக்கிரோகிராமிற் கணக்கிடத்தக்க சிறு துளியே. 1958இற் பொருள் தனியாக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அதன் அமைப்பும் வெளியாயிற்று. செரற்றோனின் என்னும் பொருளிலிருந்து ஈரடியிற் பிறக்கும் எளிய மூலக்கூறு அது. கருநிறக் கலங்களில் தொழிற்படுதலையும் செரற்றோனினோடு உள்ள உறவையும் ஒருங்கே சுட்டி மெலற்றோனின் எனப் பெயரிட்டனர். மனிதரின் தோல் நிறத்தை அது மாற்றவில்லை. எந்நோய்க்கு மருந்து தேடி லேணர் புறப்பட்டாரோ அந்நோய்க்கு அது பயன்படவில்லை. எனினும் உடற்றொழிலியலார் கையில் ஒரு திறவுகோல் கிடைத்தது. அதுவரை சாரம் என்று கலங்கலாய்ப் பேசப்பட்டது இனி நிறுத்தளந்து விலங்குக்குக் கொடுக்கத்தக்க பொருளாயிற்று.

இக்காலத்தே ஒளிக்கும் சுரப்பிக்கும் உள்ள தொடர்பு வேறொரு வழியாய் வெளிவந்தது. இடையறாத ஒளியில் வைக்கப்பட்ட எலிகளின் கூம்புச் சுரப்பி நிறை குன்றுவதை வேர்ஜினியா பிஸ்க் என்னும் அம்மையார் துணைவரோடு 1960இல் வெளியிட்டார். இளம் எலிகளிற் சுரப்பியை அகற்றின் சூலகம் பெருக்கும் என்பது 1954இலேயே ஜூலியன் கிற்றேயால் அறியப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் இணைத்தவர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஜூலியஸ் அக்செல்ரொட்டின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றிச்சட் வேட்மன். நாள்தோறும் மெலற்றோனின் ஊசியேற்றப்பட்ட பெண் எலிகளின் சூலகம் சிறுத்ததென 1963இல் அவரும் அக்செல்ரொட்டும் சூவும் எழுதினர். அவ்வாண்டிலேயே, இருளில் வைத்த எலிகளின் சுரப்பியில் மெலற்றோனினை ஆக்கும் நொதியம் மிகுதியாயும், ஒளியில் வைத்தவற்றிற் குறைவாயும் இருத்தலை அவர்கள் கண்டனர். ஒளி சுரப்பியை எட்டும் வழியோ விந்தையானது. பாலூட்டிகளின் சுரப்பி தானே ஒளியை உணராது. விழித்திரையிற் புறப்படும் செய்தி மூளையினூடே முதுகுநாணுக்கு இறங்கி, கழுத்திலுள்ள மேல் நரம்புத்திரட்டை அடைந்து, அங்கிருந்து பரிவு நரம்பு வழியாக மீண்டும் மண்டையோட்டினுள் ஏறிச் சுரப்பியை அடைகின்றது. எலியின் சுரப்பிக்கு வரும் நரம்புகள் அத்திரட்டிலிருந்தே புறப்படுகின்றன என்பதை ஒல்லாந்தர் ஆரியன்ஸ் கப்பேர்ஸ் 1960இற் காட்டினார். பக்கத்து வீட்டுக்குச் செல்ல ஊரைச் சுற்றிவருவது போன்ற இப்பாதையில் ஓரிடத்தை அறுத்தால் ஒளியின் ஆணை சுரப்பியை எட்டுவதில்லை.

ஆகவே முதற் கொள்கை எளிதாய் உருவாயிற்று: ஒளி மறைய மெலற்றோனின் பெருகும், மெலற்றோனின் பெருக இனப்பெருக்க ஓமோன்கள் அடங்கும், இவ்வாறு கூம்புச் சுரப்பி நரம்புச் செய்தியை ஓமோனாக மாற்றும் பொறியாய் உடலின் நாளை வகுக்கின்றது. 1965இல் வேட்மனும் அக்செல்ரொட்டும் பொதுமக்கட்கு எழுதிய கட்டுரையால் இக்கொள்கை உலகெங்கும் பரவிற்று.

அக்கொள்கையின் முதற் பாதியை அசைத்த சான்று அதே ஆய்வுகூடத்திலிருந்தே வந்தது என்பது பாராட்டற்பாலது. எலியின் சுரப்பியிற் செரற்றோனின் பகலில் உயர்ந்து இரவில் வீழ்தலை வில்பர் குவே 1963இல் அறிவித்திருந்தார். ஒளியே இதனை ஆள்வதாயின், கண்ணிழந்த எலியில் இவ்வேற்ற இறக்கம் நின்றுவிடல் வேண்டும். சொலமன் ஸ்னைடர் முதலியோர் 1965இல் ஆராய்ந்தபோது குருட்டெலியிலும் இடையறாத இருளிலும் சந்தம் நில்லாது தொடர்ந்தது. இடைவிடாத ஒளியில் மாத்திரமே அது மறைந்தது. எனவே ஒளி சந்தத்தைப் பிறப்பிக்கவில்லை. வேறெங்கோ பிறக்கும் சந்தத்தை நேரத்தோடு பொருத்துகின்றது, மிகின் அடக்குகின்றது. மணிக்கூட்டின் முள்ளைத் திருத்துபவன் மணிக்கூட்டின் வில்லாகான்.

1970இல் டேவிட் கிளைனும் ஜோன் வெலரும் மற்றொரு பிழையைத் திருத்தினர். முன்னையோர் அளந்த நொதியம் இரவுபகலிற் சிறிதே மாறுவது. அதற்கு முந்திய படியில் தொழிற்படும் அசற்றைல் மாற்று நொதியமே இரவிற் பதினைந்து மடங்குக்கு மேற் பெருகி மெலற்றோனினின் அளவை உயர்த்துகின்றது. பரிவு நரம்பு முனைகள் இரவில் உதிர்க்கும் நோரதிரினலினே அதனைத் தூண்டுகின்றது. நள்ளிரவில் எலிக்கூட்டில் விளக்கை ஏற்றின் மூன்று நிமிட அளவில் அந்நொதியத்தின் தொழில் பாதியாய் வீழ்கின்றது என 1972இல் அவர்களே கண்டனர். உடலிலுள்ள ஓமோன் ஆக்கங்களுள் இத்துணை விரைவாய் அணைவன சிலவே.

பிற ஓமோன்களின் சந்தம் யாதாயிற்று? எலியின் அதிரீனற் சுரப்பி தரும் கோட்டிக்கோஸ்ரெறோன், அவ்விலங்கு விழித்தெழும் அந்திவேளையில் உச்சமடையும். கூம்புச் சுரப்பியே எல்லாச் சந்தங்களுக்கும் தலைவனாயின், அதனை அகற்றிய எலியில் இவ்வுச்சம் மறைதல் வேண்டும். அது மறையவில்லை. எலி ஓடுவதும் உறங்குவதும் முன்போலவே ஒழுங்காய் நடந்தன. 1972இல் றொபேட் மூரும் விக்ரர் ஐக்லரும், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, பரிவகக்கீழ்ப் பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்புக் கலத்திரளை அழித்தனர். கோட்டிக்கோஸ்ரெறோனின் சந்தம் அறவே அழிந்தது. அதே ஆண்டில் ஸ்ரீபனும் சுக்கரும் அத்திரளை இழந்த எலிகள் நீர் குடிப்பதிலும் ஓடுவதிலும் வேளையறியாதனவாதலைக் காட்டினர். 1979இல் அக்கரு அழிந்தாற் கூம்புச் சுரப்பியின் சந்தமும் அழியும் என்பதைக் கிளைனும் மூரும் நிறுவியதோடு தலைமைப் பதவி கைமாறிற்று. தேக்காட்டின் பீடத்திலிருந்து ஒருமுறை இறக்கப்பட்ட சுரப்பி மறுமுறையும் இறக்கப்பட்டது.

எனினும் எலியில் மெய்யானது எவ்வுயிரிலும் மெய்யெனல் தவறு. 1968இற் காஸ்ரனும் மெனேக்கரும் வீட்டுச் சிட்டுக்குருவியின் கூம்புச் சுரப்பியை அகற்றி இருளில் வைத்தபோது அதன் நாட்சந்தம் குலைந்தது. பிறிதொரு குருவியின் சுரப்பியை அதன் கண்ணில் நட்டபோது, சுரப்பியைத் தந்த குருவியின் நேரத்தையே பெற்ற குருவியும் பின்பற்றியது. பறவையின் சுரப்பி கண்ணாடித் தட்டிலும் தானே இரவுபகலை எண்ணவல்லது. எனவே பறவையில் ஓரளவு தலைவனாயுள்ள உறுப்பு, பாலூட்டியிற் கட்டளை கேட்டு நடப்பதாயிற்று.

எலியை மாத்திரம் நம்பியிருந்தால் மெலற்றோனின் சிறுபயனுடைய பொருள் எனத் தள்ளப்பட்டிருக்கும். ஆய்வுகூடத்து எலி ஆண்டு முழுவதும் ஈனுவது. நாளின் நீளம் அதனைச் சிறிதே பாதிக்கும். சூலகத்தின் நிறையில் முன்னையோர் கண்ட மாற்றங்கள் சிறியனவாயும் எளிதில் மீண்டும் காணப்படாதனவாயும் இருந்தமைக்கு அதுவே காரணம். தக்க விலங்கைத் தேர்ந்தவர் றொஜர் ஹொவ்மனும் றசல் றைற்றரும். கன்னப்பையில் இரை சேர்க்கும் பொன்னிற ஹம்ஸ்ரரை நாளொன்றுக்கு ஒரு மணி நேர ஒளியில் அவர்கள் வைத்தனர். வாரங்கள் சில கழிய ஆண் விலங்குகளின் விதைகள் சுருங்கிப் பயனற்றன. கூம்புச் சுரப்பி அகற்றப்பட்டவற்றிலோ அவை குன்றாது நின்றன. 1965இல் வெளிவந்த இச்சிறு கட்டுரையின் விளைவு ஐயத்துக்கு இடமற்றது. நாளில் ஒளி ஏறக்குறைய பன்னிரண்டரை மணிக்குக் குறையின் இவ்விலங்கு இனப்பெருக்கத்தை நிறுத்துகின்றது.

ஆயினும் ஒரு புதிர் தோன்றிற்று. இருளின் விளைவை விளைப்பது மெலற்றோனினாயின், அதனை இடையறாது கசியுமாறு தோலின் கீழ் வைத்தல் விதைகளை மேலும் சுருக்க வேண்டுமன்றோ? மாறாக அது சுருங்குவதைத் தடுத்தது. 1974இல் இதனைக் கண்ட றைற்றரும் பிறரும் திகைத்தனர். விடை இரண்டு ஆண்டுகளில் வந்தது. நீண்ட பகலில் வாழும் ஹம்ஸ்ரருக்கு நாள்தோறும் ஒரே அளவு மெலற்றோனினைப் பிற்பகலில் ஏற்றின் விதைகள் சுருங்கின. காலையில் ஏற்றின் யாதும் நிகழவில்லை எனத் தமார்க்கினும் துணைவரும் 1976இல் எழுதினர். பொருள் ஒன்று, அளவும் ஒன்று, வேறானது வேளையே. பிற்பகலில் ஏற்றிய மருந்து, விலங்கின் சொந்த மெலற்றோனின் எழும் இரவோடு இணைந்து, இரவை நீட்டித்துக் காட்டியது.

அதன் பின் ஆராய்வோர் அளவை விட்டு நீளத்தை நோக்கினர். சைபீரிய ஹம்ஸ்ரர்க் குட்டிகளின் சுரப்பியை அகற்றி, நாள்தோறும் குறித்த நேரம் மெலற்றோனினைக் குழாய்வழி செலுத்திய காட்டரும் கோல்ட்மனும், நான்கு முதல் ஆறு மணி நேரம் செலுத்தின் விதைகள் வளர்தலையும், எட்டு மணிக்கு மேலாயின் வளர்ச்சி தடைப்படுதலையும் 1983இற் கண்டனர். அவ்வாண்டிலேயே சுரப்பியற்ற செம்மறிகளிலும் இம்முறை கையாளப்பட்டது. கார்ஷும் பிற்மனும் இரவின் நீளத்தை மெலற்றோனினால் ஆக்கிக் காட்டி இனப்பெருக்க ஓமோன்களைத் தாம் விரும்பிய வழியில் திருப்பினர். நோக்கத்தக்கது யாதெனில், ஹம்ஸ்ரரிற் குறும்பகல் இனப்பெருக்கத்தை அடக்குகின்றது. இலையுதிர் காலத்திற் கருக்கொள்ளும் செம்மறியில் அதே குறும்பகல் அதனைத் தூண்டுகின்றது. மெலற்றோனின் அடக்கும் ஓமோனுமன்று, தூண்டும் ஓமோனுமன்று. இரவு இவ்வளவு நீளம் என்பதே அது சொல்லும் செய்தி. கேட்ட விலங்கு தன் இயல்புக்கேற்ப நடக்கும். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஏறக்குறைய ஒரு மணி நேரமே. இலண்டனில் அஃது எட்டு மணிக்கு மேல். இவ்வாராய்ச்சி வடபுலத்து நாடுகளில் வேரூன்றியமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

எலி இதன் பின் மீண்டும் மேடையேறியது. தொடர்ந்த இருளில் எலியின் நாள் இருபத்துநான்கு மணியோடு பொருந்தாது நாள்தோறும் சற்றே விலகும். மெல்போணிலுள்ள லா துரோப் பல்கலைக்கழகத்தில் றெட்மனும் ஆம்ஸ்ட்றோங்கும் இங்கும் அத்தகைய எலிகட்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் மெலற்றோனின் ஏற்றினர். எலி விழித்தெழும் வேளை ஊசி போடும் வேளையை நெருங்கியதும் விலகல் நின்றது. விலங்கின் நாள் ஊசியோடு கட்டுண்டது. 1983இல் வெளிவந்த இவ்வாய்வைத் தொடர்ந்து, பரிவகக்கீழ்ப் பகுதிக் கருவை அழித்தால் இக்கட்டு நிகழாது என்பதைக் கசோனும் துணைவரும் 1986இல் அறிவித்தனர். கருவிடம் கட்டளை பெறும் சுரப்பி, தன் ஓமோனால் அக்கருவையே எட்டித் திருத்தவும் வல்லது. பணியாளன் தலைவனுக்கு நேரஞ் சொல்வது போன்றது இது.

தலைவனும் முற்றாளுபவன் அல்லன் என்பது பின்னர்த் தெரியவந்தது. கரு அழிந்த ஹம்ஸ்ரரின் மூளையிற் பிறிதொன்றின் கருவை நட்டால் ஓட்டத்தின் சந்தம் மீளுகின்றது. ஆனால் 1999இல் மேயர் பேண்ஸ்ரைன் அம்மையாரும் துணைவரும் அவ்விலங்குகளின் கோட்டிசோலையும் மெலற்றோனினையும் ஆராய்ந்தபோது, அவற்றின் சந்தங்கள் மீளவில்லை. ஓமோன்களின் சந்தத்துக்குக் கருவிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் முறையாய் இணைதல் வேண்டும் போலும்.

மெலற்றோனின் எவ்விடத்திற் செவிமடுக்கப்படுகின்றது என்பதைத் தேடியோர் முதலிற் கபச் சுரப்பியை நோக்கினர். பிறந்து சில நாளான எலியின் கபச் சுரப்பிக் கலங்களைத் தட்டில் வளர்த்தபோது, மிகச் சிறிதளவு மெலற்றோனின் இனப்பெருக்க ஓமோனின் வெளிப்பாட்டைத் தடுத்தது என மாட்டினும் கிளைனும் 1976இற் கண்டனர்; வளர்ந்த எலியில் இவ்வாற்றல் பெரிதும் மறைந்துவிடுகின்றது. வளர்ந்த விலங்கில் அவ்வோமோன் செறிந்து பற்றும் இடம் கபச் சுரப்பியின் காம்பைச் சூழ்ந்த மெல்லிய உறை. 1994இல் லிங்கனும் கிளாக்கும் செம்மறிக் கடாக்களிற் கபச் சுரப்பியை மூளையிலிருந்து துண்டித்தனர். இனப்பெருக்க ஓமோன்கள் அடங்கின. புரோலக்ரினோ நாளின் நீளத்துக்கேற்பத் தொடர்ந்து ஏறி இறங்கிற்று. மூளையின் கட்டளையின்றியே மெலற்றோனின் அதனை ஆண்டது. அவ்வாண்டிலேயே இவ்வோமோனைப் பற்றும் வாங்கியின் பரம்பரை அலகும் பிரித்தெடுக்கப்பட்டது. றெப்பேட்டின் ஆய்வுகூடத்தார் அதனை முதலிற் கண்டது தவளையின் கருநிறத் தோற்கலத்தில். மக்கோட்டும் அலனும் வாற்பேயில் வெளிறக் கண்ட அதே வகைக் கலத்தில். பின்னர்ப் பாலூட்டிகளின் இரு வாங்கிகளும் அறியப்பட்டன. அவற்றுள் முதலாவதை இழக்கச் செய்த சுண்டெலிகளிற் கபச் சுரப்பி உறையின் நாட்சந்தம் மறைந்தது எனக் கால் அம்மையாரும் துணைவரும் காட்டினர். அவ்வெலிகள் ஓடுதலும் உறங்குதலும் குலையவில்லை.

இவ்வாராய்ச்சி முழுவதற்கும் அடிப்படையான ஓர் இடரும் குறிப்பிடப்பட வேண்டும். உலகின் ஆய்வுகூடங்களிற் பெருவழக்காயுள்ள கருநிறச் சுண்டெலிக் குலத்தின் கூம்புச் சுரப்பியில் மெலற்றோனின் ஏறக்குறைய இல்லை. எபிகாரா, மெனேக்கர் முதலியோர் 1986இல் இதனை வெளியிட்டு, இரு நொதியங்களிலும் அக்குலம் குறையுடையது என்றனர். சிறை பிடித்த காட்டுச் சுண்டெலிகளும், சி3எச் எனப்படும் குலமும் அவ்வோமோனை நன்கு ஆக்குகின்றன. ஆகவே ஒரு குலத்தில் மெலற்றோனினின் விளைவு யாதுமில்லை எனக் காணும் ஆய்வாளர், மெலற்றோனினே இல்லாத விலங்கை நோக்கியிருக்கவும் கூடும். இக்குறை எவ்வாறு பரவிற்று என்பதை 2010இல் யப்பானியர் காசகாராவும் துணைவரும் ஆராய்ந்தனர். ஓமோனற்ற ஆண் சுண்டெலிகளின் விதைகள் ஓமோனுடையவற்றினும் விரைந்து வளர்வதை அவர்கள் கண்டனர். கூட்டில் வளர்ப்போர் விரைவில் ஈனும் எலிகளையே தலைமுறைதோறும் தெரிந்தெடுத்து வந்தனர். அவ்வாறு தெரிந்தெடுக்கையில், இரவின் நீளத்தை உடலுக்கு உரைக்கும் பொருளை இழந்த எலிகளையும் தம்மையறியாமலே தெரிந்தெடுத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.